நூறுக்கு நானூறு

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. வாஷர் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் ஐநூறு இரும்பு வாஷர் கேட்டுக்கொண்டு நின்றார். இவர் ஐநூறை எண்ணிக் கொடுத்து முடிப்பதற்குள் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் போய்விடும் என்று நினைத்தேன். கடைக்காரர் எண்ணவே இல்லை. மேஜையில் இருந்த மின்தராசின் தட்டில் பத்தே பத்து வாஷரை வைத்தார். ஒரு பட்டனை அழுத்தினார். பிறகு டப்பாவைச் சாய்த்துக் கொட்டிக்கொண்டே போனார். சிவப்பு எண்கள் ஓடின. எண்பது, இருநூற்றுப் பத்து, நானூறு. ஐநூறு வந்ததும் டப்பாவை நிமிர்த்திவிட்டார். வேலை முடிந்தது.

அதற்கு அடுத்து அவர் செய்த ஒரு காரியத்தைப் பார்த்து, கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி நான் குரல் கொடுத்துவிட்டேன். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியாது. முதலில் வாசனையைச் சொல்ல வேண்டும்.

புது வாஷர் பொட்டலத்தை என்றைக்காவது மூக்கருகே கொண்டுபோயிருக்கிறீர்களா? கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மழை நின்ற பிறகு ரயில்வே பாலத்துக் கைப்பிடியில் வரும் வாசனை. வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தபோது என் மகள் கயல்விழி சாப்பாட்டு மேஜையில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை விரித்துவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பரீட்சை.

"நிறை, எடை, அடர்த்தி மூணையும் மனப்பாடம் பண்ணிட்டேன்பா. ஆனா உண்மையைச் சொல்லு, மூணும் ஒண்ணுதானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்தொன்பது வயதுவரை அப்படித்தான் நினைத்தேன். அதனால் ஒரு பெண்மணி தன் சாப்பாட்டுப் பெட்டியை வேலை செய்த இடத்துக் கேட்டில் வைத்துத் திறந்து காட்ட வேண்டிவந்தது. கயலுக்கும், மாலையில் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து அரட்டை அடிக்கிற அவள் தோழிகளுக்கும் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். எங்கேயாவது தப்பாகச் சொன்னால் உங்கள் டீச்சரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் படித்தது ஆவடியில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில். அங்கே இயற்பியலை ராகம் போட்டுத்தான் படிப்போம். ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு நிறை. அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசை எடை. ஓரலகு பருமனில் அடங்கியுள்ள நிறை அடர்த்தி. நாற்பது பேரும் சேர்ந்து கத்துவோம். நடுவில் ரயில் வந்தால் நிறுத்திவிட்டு, கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். எத்தனையோ நாள் நிறைக்கும் எடைக்கும் நடுவே ஒரு சரக்கு ரயில் போயிருக்கிறது.

வகுப்பில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அழகான தராசு இருந்தது. பூட்டியே இருக்கும். சாவி தலைமையாசிரியர் அறையில். நான் ஒருநாள் துணிந்து எழுந்து, "சார், கடையில ஒரு கிலோ எடைன்னு சொல்றாங்களே, அது நிறையா, எடையா?" என்று கேட்டேன். "பரீட்சைக்கு வராது. உட்காரு," என்றார் சார். உட்கார்ந்துவிட்டேன். பரீட்சையில் மூன்றையும் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். புரிந்தது பூஜ்யம்.

அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான், கயல். ஒரு கிலோ என்பது நிறை. கடையில் அதை எடை என்று சொல்கிறோம், சொல்லிவிட்டுப் போகட்டும். உன்னிடம் எவ்வளவு சமாச்சாரம் இருக்கிறதோ அது நிறை. அதை நீ நிலாவுக்குக் கொண்டுபோனாலும் அவ்வளவேதான். உன்னைப் பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது எடை. நிலா உன்னை ஆறில் ஒரு பங்குதான் இழுக்கும்.

ஞாபகம் இருக்கிறதா, போன வருஷம் நாம் முள் ஓடுகிற பழைய எடை மெஷினை லிஃப்டுக்குள் தூக்கிக்கொண்டு போய் வைத்தோமே. நீ ஏறி நின்றாய். நாற்பத்தொன்று. லிஃப்ட் மேலே கிளம்பின அந்த நொடியில் முள் நாற்பத்து நாலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. நாலாவது மாடியில் நிற்கப்போகும்போது நாற்பதுக்குக் கீழே இறங்கி, மறுபடி நாற்பத்தொன்றுக்கு வந்தது. நடுவில் நீ இட்லியும் சாப்பிடவில்லை, இளைக்கவும் இல்லை. பூமி இழுத்ததும் மாறவில்லை. உன்னை மெஷின் தாங்கின பலம்தான் மாறியது. நாம் நாலு தடவை போய்வந்தோம். ஐந்தாவது தடவை மூன்றாவது மாடியில் கதவு திறந்து, திருநெல்வேலியிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, லிஃப்டுல நின்னா எடை கொறையுதோ?"

"கீழ கிளம்பும்போது கொறையும் தம்பி. ஆனா நின்னதும் திரும்பி வந்துரும்."

"அப்பம் இது நமக்கு ஆகாது," என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

எங்கேயோ போய்விட்டேன். வாஷருக்கு வருகிறேன்.

ஐ.டி.ஐ. முடித்ததும் எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட்டில் வேலை கிடைத்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று பிரஸ் மெஷின், ஒரு ஸ்டோர்ஸ். மெஷின் ஒரு தடவை இறங்கினால் தகட்டிலிருந்து ஒரு வாஷர் விழும். டங், டங், டங் என்று நாள் முழுக்க விழும். அதை முலாம் பூச வெளியே அனுப்பி, திரும்பி வந்ததும் மூட்டை கட்டி வாங்குகிற கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ஒரு மூட்டைக்குப் பத்தாயிரம் வாஷர். பத்தாயிரத்தை யார் எண்ணுவது? அதற்குத்தான் சுவரில் ஒரு நம்பர் இருந்தது. ஸ்டோர்ஸ் தராசுக்கு மேலே, கையகல எழுத்தில், நீலப் பெயிண்டில்: நூறுக்கு நானூறு.

அதாவது நூறு வாஷர் நானூறு கிராம். அப்படியென்றால் பத்தாயிரம் வாஷர் நாற்பது கிலோ. நாற்பது கிலோ நிறுத்துக் கோணியில் கொட்டினால் பத்தாயிரம் எண்ணியாகிவிட்டது. இதை முதல் நாள் கேட்டபோது எனக்கு ஒரே ஆனந்தம். நிறுப்பதாலேயே எண்ண முடியும் என்பதை என் பள்ளிக்கூடத்தில் யாருமே சொல்லவில்லையே. கடைக்காரரின் மின்தராசு இன்றைக்குச் செய்வதும் அதேதான். பத்தை வைத்து ஒன்று எவ்வளவு என்று தெரிந்துகொள்கிறது, மீதியை அதனால் வகுத்துக்கொள்கிறது. எங்கள் ஷெட்டில் அந்த வேலையைச் சுவரும் நானும் சேர்ந்து செய்தோம்.

நான் நிறுத்துக் கொட்டிய மூட்டைகளின் வாயைத் தைப்பது ஜமீலாக்கா. பூந்தமல்லியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். கோணி ஊசியைக் கொண்டையில் செருகியிருப்பார். வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. எனக்கு அவர் வைத்த பேர் 'தராசு'.

"இன்னா தராசு, காலீல துன்னியா இல்லியா? முள்ளு ஆடுது பாரு," என்பார்.

அவர் கொண்டுவரும் மாங்காய் ஊறுகாயை ஷெட்டே சாப்பிடும். காலியான பாட்டில்களைக் கழுவி ஸ்டோர்ஸில் வைத்துவிடுவார். அதில் நாங்கள் உதிரி ஸ்க்ரூ போட்டுவைப்போம். எத்தனை கழுவினாலும் அந்தப் பாட்டில்களில் வெந்தய வாசனை போகாது. அந்தப் பாட்டில்களை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஒரு மாதம், திருமழிசையில் இருந்த கம்பெனி அதே வாஷரைப் பித்தளையில் கேட்டது. கரண்டு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்றில் மாட்டுவதற்கு. அதே அச்சு, அதே மெஷின், அதே தடிமன் தகடு. இரும்புக்குப் பதில் பித்தளை, அவ்வளவுதான். முலாம் பூசி வந்தபோது பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை, இரண்டும் ஒரே வெள்ளை. நான் வழக்கம்போல நாற்பது கிலோ, நாற்பது கிலோவாக ஏழு மூட்டை நிறுத்தேன். சுவரைப் பார்த்தேன். சுவர் வழக்கம்போல நூறுக்கு நானூறு என்றது.

முதல் மூட்டையைத் தைக்கும்போதே ஜமீலாக்கா சொன்னார்.

"தராசு, மூட்டை இந்த வாட்டி தொளதொளன்னு கீது. வாய் கட்டறப்ப துணி ரெண்டு விரக்கட மிஞ்சுது."

"எடை சரியா இருக்குக்கா."

"எடைய யாரு கேட்டா? துணி மிஞ்சுதுன்றேன்."

"வேற கோணியா இருக்கும்," என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் அந்த நிமிஷத்தை நினைத்தால் என் காது சூடாகும்.

நாலு நாள் கழித்துத் திருமழிசையிலிருந்து போன் வந்தது. ஐந்து மூட்டை பிரித்து மாட்டி முடித்தார்களாம். ஒவ்வொன்றிலும் எழுநூற்று அறுபது வாஷர் போலக் குறைகிறதாம். எங்கள் சூப்பர்வைசர் தனபால் சார் நேராக ஸ்டோர்ஸுக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் தப்பு என்று ஒன்று இருந்தால் அது யார் மேலாவது இருந்தே தீர வேண்டும் அவருக்கு.

"எடை போட்டியா இல்லியா?"

"போட்டேன் சார். ஏழும் நாப்பது கிலோ."

"அப்ப எழுநூறு வாஷர் எங்க போச்சு?"

அந்த நேரம் பார்த்து ஆவடி வகுப்பறை ஞாபகத்துக்கு வர வேண்டுமா? "சார், எடை இடத்துக்கு இடம் மாறும்னு பாடத்துல இருக்கு சார்," என்றேன்.

தனபால் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அம்பத்தூர்லேர்ந்து திருமழிசைக்குத்தானேடா அனுப்பினோம், நிலாவுக்கா? எடை கொறைஞ்சா கொறையட்டும். எண்ணிக்கை எப்பிட்றா கொறையும்?"

ஷெட்டே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ஜமீலாக்கா. சிரிப்பு முடிவதற்குள் தனபால் சார் அவர் பக்கம் திரும்பினார்.

"எடை போட்ட பொறவு வாய் தைக்கிற வரிக்கும் மூட்டை யாரு கைல இருந்துச்சு?"

அக்கா சிரிப்பை நிறுத்தினார். "என் கைலதான்."

"பித்தளைக்குக் காயலான் கடையில நல்ல வெல."

அன்று மத்தியானமே, அரை நாளில் அக்காவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். கேட்டில் அவரை நிறுத்தி, கூடையை இறக்கி, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். நாங்கள் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா திறந்தார். உள்ளே பாதி சாப்பிட்ட எலுமிச்சம் சாதம்.

"நான் பித்தள துன்ற ஆளுன்னு காலீலயே சொல்லியிருந்தா சோறு கட்டிக்கினு வந்திருக்க மாட்டேன் சார்," என்றார். குரல் உயரவே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். இந்த முறை தராசு என்று கூப்பிடவில்லை.

"நைனா, நீ போட்டத நான் தெச்சேன். தப்பு உன் தராசுலயா, என் கைலயா? நீ பாத்து சொல்லு. அதுவரிக்கும் இந்தக் கேட்டத் தாண்ட மாட்டேன்."

அவர் போன பிறகு மறுநாளுக்கான பித்தளை மூட்டையை நானே தைக்க வேண்டியதாயிற்று. கோணி ஊசியை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நாற்பது கிலோ நிறுத்துக் கொட்டி, வாயைச் சேர்த்துப் பிடித்தேன். துணி மிஞ்சியது. ரெண்டு விரற்கடை. சரியாக ரெண்டு விரற்கடை.

அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எடை அதே நாற்பது. ஆனால் மூட்டைக்குள் சரக்கு பிடிக்கிற இடம் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் திருமழிசைக்குப் போகும் முன்பே, அக்கா கை படும் முன்பே, நான் கொட்டும்போதே, ஏதோ குறைகிறது. மூட்டையை விட்டுவிட்டுப் பித்தளை வாஷரை நூறு எண்ணித் தராசில் வைத்தேன்.

நானூற்று முப்பத்து மூன்று கிராம்.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி எண்ணினேன், பத்துப் பத்தாக அடுக்கி. நானூற்று முப்பத்து மூன்று. ஓடிப்போய்ப் பழைய இரும்பு வாஷரில் நூறு எண்ணி வந்து நிறுத்தேன். நானூறு. சுவர் பொய் சொல்லவில்லை. இரண்டையும் ஸ்டோர்ஸில் கிடந்த இரட்டைத் தட்டுத் தராசில் பக்கத்துக்கு ஒன்றாகக் கொட்டினேன். பித்தளைத் தட்டு டக்கென்று கீழே போனது. அச்சு ஒன்று, அளவு ஒன்று, எண்ணிக்கை ஒன்று, ஆனால் தட்டு இறங்குகிறது.

கயல், அந்த நிமிஷத்தில் என் உடம்பெல்லாம் என்னவோ செய்தது. ஐந்து வருஷத்துக்கு முன் ரயில் போகக் காத்திருந்து கத்திய அந்த மூன்றாவது வரி, ஓரலகு பருமனில் அடங்கியுள்ள நிறை, என் கண் முன்னால் ஒரு தராசுத் தட்டாக இறங்கி நின்றது. ஒரே அளவு இடத்துக்குள் பித்தளை இரும்பைவிட அதிகச் சமாச்சாரத்தை அடைத்துவைத்திருக்கிறது. அதுதான் அடர்த்தி. அவ்வளவேதான்.

ஆனால் இரண்டும் ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமே. பித்தளைத் தகடு கொஞ்சம் தடிமனாக வந்திருந்தால்? அப்போதுதான் ஊறுகாய்ப் பாட்டில்கள். ஒரே மாதிரி இரண்டை எடுத்து, ஸ்க்ரூக்களைக் கொட்டிவிட்டு, இரண்டிலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி நூல் கட்டி அடையாளம் வைத்தேன். ஒன்றில் நூறு இரும்பு, ஒன்றில் நூறு பித்தளை. மெதுவாக, தண்ணீர் தெறிக்காமல், காற்றுக் குமிழி நிற்காமல் தட்டித் தட்டிப் போட்டேன். தண்ணீர் ஏறியது. இரண்டிலும் ஒரே உயரம். மயிரிழை பிசகவில்லை. வெந்தய வாசனையோடு என் முன்னால் இயற்பியல் நின்றுகொண்டிருந்தது.

நான் தனியாக ஸ்டோர்ஸில் குதித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், குதித்தேன். மூன்றாவது குதியில்தான் இன்னொன்று உறைத்தது. நாற்பது கிலோவை நூறுக்கு நானூற்று முப்பத்து மூன்று என்று வகுத்தால் பத்தாயிரம் வராது. ஒன்பதாயிரத்து இருநூற்றுச் சொச்சம்தான் வரும். குறைவது எழுநூற்று அறுபது. திருடு போகவே இல்லை. நான்தான் போடவே இல்லை.

ஈரக் கையோடு ஓடினேன். தனபால் சார் இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். தராசைப் பார்த்தார். சுவரை மட்டும் பார்க்கவில்லை.

"நீ சொல்றது சரின்னா, அங்க பிரிக்காத ரெண்டு மூட்டை கீதே, அதுல நாப்பது கிலோ அப்படியே இருக்கணும். இல்லியா?"

"இருக்கும் சார். நடுவுல யாரும் தொட்டிருந்தாத்தான் கொறையும்."

"காலைல போறோம்."

அவருடைய ஸ்கூட்டரில் திருமழிசை போனோம். பிரிக்காத இரண்டு மூட்டையும் ஒரு மூலையில் நின்றன. அக்காவின் தையல் ஒரு கண்ணி விடாமல் அப்படியே இருந்தது. தூக்கித் தராசில் வைத்தார்கள். நாற்பது. இரண்டாவதும் நாற்பது. ஒரு மூட்டையைப் பிரித்து நூறு எண்ணினோம். நானூற்று முப்பத்து மூன்று.

வெளியே வந்து தனபால் சார் ஸ்கூட்டரில் கைவைத்தபடி கேட்டார். "அப்ப தப்பு யாருது?"

"என்னுது சார். தகடு மாறினப்ப நான் மறுபடி எண்ணியிருக்கணும்."

"சுவத்துல அந்த நம்பரை எழுதினவன் நான்தான்," என்றார். "பெயிண்ட்ல எழுதினா அழியாதுன்னு பெருமையா எழுதினேன்."

திரும்பும் வழியில்தான் பூந்தமல்லி. ஜமீலாக்கா வீட்டுத் தெருமுனையில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. "நீ போய்ச் சொல்லு," என்றார்.

அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பித்தளை, இரும்பு, பாட்டில், தண்ணீர், துணி மிஞ்சியது. அவர் முறத்தை நிறுத்தாமல் கேட்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்கக்கா. நான்தான் கேக்கலை. தப்பு என் தராசுலதான்."

முறம் நின்றது. தெருமுனையை எட்டிப் பார்த்தார். "அவுரு வண்டிலயேதான் குந்திக்கினு கீறாரா?"

"ஆமாக்கா."

"நான் பொட்டியத் தொறந்தது கேட்டுல. எனுக்குப் பதிலும் கேட்டுலதான் வரணும். போய்ச் சொல்லு."

இதை நான் அப்படியே போய்ச் சொன்னேன். தனபால் சார் வண்டியைக் கிளப்பினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து எங்கள் ஷெட்டில் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை அக்கா கூடையோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே ஒரு அடி வைக்கவில்லை. மெஷின்காரர்கள், நான், எல்லோரும் அங்கேதான். தனபால் சார் வந்தார். தன் பையை இறக்கினார். டிபன் பாக்ஸை எடுத்தார். மூடியைத் திறந்து, எல்லோரும் பார்க்க, ஜமீலாக்கா முன்னால் நீட்டினார்.

தயிர் சாதம். வெறும் தயிர் சாதம்.

அக்கா குனிந்து, அவசரப்படாமல், மூலை மூலையாகப் பார்த்தார்.

"இன்னா சார், தொட்டுக்க ஒண்ணியும் கட்டிக்கினு வர்லியா?" என்றார். கூடைக்குள் கைவிட்டு ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்து, ஒரு துண்டு மாங்காயை அந்தச் சாதத்தின் ஓரத்தில் வைத்தார். பிறகு கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொன்னார். நிலா வரைக்கும் போனோம்.

"அங்க மூட்ட லேசா இருக்குமா?"

"ஆறுல ஒரு பங்குதான்க்கா கனக்கும்."

"வாஷரு?"

"அது ஒண்ணுகூடக் கொறையாது."

"அப்ப அங்க ஒரு ஷெட்டு போடச் சொல்லு நைனா. இடுப்பு வலி இல்லாம தெச்சுக்கினு கெடக்கறேன்."

நான் நீலப் பெயிண்டைச் சுரண்டி அழித்தேன். அந்த இடத்தில் இரண்டு ஆணி அடித்து, ஒன்றில் இரும்பு வாஷரும் ஒன்றில் பித்தளை வாஷரும் மாட்டி, கீழே அதனதன் நம்பரைச் சாக்பீஸில் எழுதினேன், அழிக்கிற மாதிரி. ஆனால் ஜமீலாக்காவுக்கு அது போதவில்லை. அதற்குப் பிறகு எந்தப் புதுச் சரக்கு வந்தாலும், நான் அவர் கண்ணெதிரே நூறு எண்ணி நிறுத்துக் காட்டாமல் ஊசியைக் கொண்டையிலிருந்து எடுக்க மாட்டார். "எண்ணினியா நைனா?" என்பார். எண்ணினேன் என்று வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். எண்ண வேண்டும்.

சரி, கடைக்காரருக்கு வருகிறேன். ஐநூறு இரும்பு வாஷர் வாங்கியவர் அடுத்து என்ன கேட்டார் தெரியுமா? அதே அளவில் பித்தளை, இருநூறு. கடைக்காரர் தட்டைக் காலி செய்துவிட்டு, பட்டனைத் தொடாமல், பித்தளையைக் கொட்டத் தொடங்கினார். சிவப்பு எண் ஓடி இருநூறில் நின்றது. அப்போதுதான் நான் குரல் கொடுத்தேன்.

"அண்ணே, பித்தளையில பத்து வெச்சு மறுபடி பட்டனை அழுத்துங்க. இல்லாட்டி இவருக்குப் பதினைஞ்சு கொறையும்."

"இன்னா சார், மிஷினு தப்பு பண்ணுமா?" என்று கேட்டபடியே குவியலை இறக்கி, அதில் பத்தை மட்டும் வைத்து அழுத்திவிட்டு, மீதியை மறுபடி கொட்டினார். இருநூறு என்று காட்டிய அதே குவியல் இப்போது நூற்று எண்பத்தைந்து என்று காட்டியது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு அந்த ஐந்துக்கு ஐந்து இப்போதுதான் கிடைத்தது போலிருந்தது.

கயலுக்கு இரண்டு ஜாம் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குழாய்க்கு வாங்கியது, அதோடு இரும்பிலும் பித்தளையிலும் வாங்கி வந்தது எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. குழாய் ஞாயிற்றுக்கிழமை மாலைவரை ஒழுகியது. அவள் அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் கயல் குதித்தாள். நான் பார்த்தேன்.

போன மாதம் அந்த வழியாகப் போனபோது ஷெட் இருந்த இடத்தில் எட்டு மாடிக்குத் தூண் எழும்பியிருந்தது. ஆணி அடித்த சுவர் இல்லை. டங், டங் சத்தம் இல்லை. தனபால் சார் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். பூந்தமல்லித் தெருவில் ஜமீலாக்கா வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், எங்கே போனார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் நிறுப்பதும் எண்ணுவதும் வகுப்பதும் ஒரே பட்டனில் முடிந்துவிடுகின்றன. பத்தை வைத்தால் பத்தாயிரம் சொல்கிறது. இரும்பு போய்ப் பித்தளை வந்தாலும், கூசாமல், அதே சிவப்பு எழுத்தில் சொல்கிறது. அதன் எதிரே கொண்டையில் ஊசியோடு நின்று, "எண்ணினியா நைனா?" என்று கேட்கிற ஆள்தான் இல்லை.